பள்ளிச் சுவரில் மிரட்டல் எழுதியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பிள்ளைகளை அனுப்பலாமா?

தறிவீட்டு அம்மா | திங்கள், இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். ஆரணிப் பக்கம் ஒரு கிராமம். ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம், ஏற்கெனவே ஊரே கலங்கிப் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் பட்டுத் தறி. மகள் ஏழாவது, மகன் மூன்றாவது. இரண்டு பேரும் உள்ளூர் அரசு நடுநிலைப் பள்ளி.

இன்று காலை மகனைக் காலை உணவுக்கு விடப் போனேன். தெருமுனை திரும்பும்போதே தாளித்த வாசனை வரும். இன்று வரவில்லை. கேட்டுக்கு வெளியே பிள்ளைகள் கும்பலாக நின்றார்கள். சமைக்கிற அக்கா படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சனி, ஞாயிறில் யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள். ஏரிப் பக்கம் சுவர் இடிந்து இரண்டு வருடம் ஆகிறது, அந்த வழியாகத்தான். சமையலறைப் பூட்டை உடைத்து ரவையையும் பருப்பையும் தரையில் கொட்டி மிதித்திருந்தார்கள். ஸ்மார்ட் போர்டு நடுவில் கல் பட்டுச் சிலந்தி வலை மாதிரி விரிசல். பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவு ஒன்று கீலோடு பெயர்ந்து கிடந்தது. போனால் போகட்டும், பொருள்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி கீழே கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்த செய்தியை டிவியில் பார்த்தவர்களுக்குப் புரியும்.

அப்புறம் அந்தச் சுவர். ஏழாம் வகுப்பு அறையின் வெளிச்சுவர் முழுக்கக் கரியால், முழ உயர எழுத்தில்: "வெள்ளிக்கிழமை வருவோம். எவன் ஸ்கூலுக்கு வந்தாலும் கொள்ளுவோம்."

'ள்' போட்டுத்தான் எழுதியிருந்தது. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டே, "அம்மா, கொல்லுவோம்னா 'ல்' தானே வரும்?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "தப்பா எழுதினாலும் நிஜமாத்தான் சொல்றாங்களா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது அதற்கு அப்புறம்தான். போலீஸ் வருவதற்குள் எச்.எம். ஆள் வைத்து அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். கேட்டால், "சின்னப் பசங்க பயந்துடும்மா, ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க" என்கிறார். ஒரே ஒரு கோட்டு, அதுவும் தண்ணியாக. காய்ந்த பிறகும் எழுத்து சாம்பல் நிறத்தில் அப்படியே தெரிகிறது. சாயங்காலம் பிள்ளைகள் அதை விரலால் தடவி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். என் மகனும்.

ஊர் வாட்ஸப் குழுவில் ஒரு ஆடியோ ஓடுகிறது. "நாலு வடநாட்டு ஆளுங்க ஏரிக்கரையில சுத்தறாங்க, பசங்கள வெளிய விடாதீங்க" என்று. யார் குரல் என்று யாருக்கும் தெரியாது. மாமியார் ஒரு வாரம் அனுப்பவே வேண்டாம் என்கிறார். வீட்டுக்காரர், குடிகாரப் பசங்க வேலை, பேசாமல் அனுப்பு என்கிறார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ராத்திரியில் சுவர் ஓரம் பாட்டிலோடு உட்காருகிறவர்களை எச்.எம். போன வாரம்தான் சத்தம் போட்டு விரட்டினாராம்.

நான் எட்டாவதோடு நின்றவள். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அனுப்புவதா, வேண்டாமா? போலீசில் நாங்களே எழுதிக் கொடுக்கலாமா, எச்.எம். தான் கொடுக்க வேண்டுமா? தொட்டித் தண்ணீரை என்ன செய்வது?


வக்கீல் குமாஸ்தா | திங்கள், இரவு 11:25

சகோதரி, 22 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

புகார் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். உடைந்த பொருளுக்குக் கணக்கு எச்.எம். கையில் இருப்பதால் அவர் ஒன்று கொடுப்பது நல்லது. மிரட்டல் உங்கள் பிள்ளைகளுக்கு வந்தது, அதனால் பெற்றோர் நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டுத் தனியாக ஒன்று கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். கொடுத்ததும், புகாரை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். "விசாரிக்கிறோம், போங்க" என்று சொன்னால் கிளம்பிவிட வேண்டாம், பெஞ்சில் உட்காருங்கள்.

மனுவில் வெள்ளிக்கிழமை கடைசியாகப் பூட்டியது யார், திங்கட்கிழமை முதலில் திறந்தது யார் என்று எழுதுங்கள். சுவரில் இருந்த வாசகத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். 'கொள்ளுவோம்' என்றிருந்தால் 'கொள்ளுவோம்' தான், நீங்கள் திருத்தாதீர்கள். எங்கள் ஆபீசில் ஒரு பையன் இப்படித்தான் நல்ல தமிழாக்கித் தருகிறேன் என்று ஒரு கேசையே கெடுத்தான்.

சுவரை அழித்துவிட்டார்களே என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். காலையில் நின்ற கூட்டத்தில் யாராவது ஃபோனில் படம் எடுத்திருப்பார்கள். அதை அந்த ஃபோனிலிருந்து அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். எடுத்த தேதி, நேரம் அதில்தான் இருக்கும். வாட்ஸப்பில் சுற்றி வந்த படத்தில் அது போய்விடும்.

பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினால் நம் மாநிலத்தில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. மிரட்டலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றச் சட்டத்தில் 351-ஆவது பிரிவு. யார் என்று காட்டாமல் மிரட்டினால் அந்தத் தண்டனையோடு இன்னும் 2 ஆண்டு வரை சேரும். ஆனால் செய்தவன் 18 வயதுக்குள் இருந்தால் கதையே வேறு. லாக்கப் கிடையாது, சிறார் நீதிக் குழுமம்தான். கையில் கிடைத்தான் என்று ஊரார் கை வைத்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

வியாழன் இரவு ரோந்து, வெள்ளி காலையும் மாலையும் கேட்டருகே ஒரு காவலர். இதையும் அந்த மனுவிலேயே எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயோடு போய்விடும்.


பழைய மாணவன் | செவ்வாய், காலை 7:10

இதுக்குப் போய் இவ்வளவு பெரிய பதிவா? எங்கள் காலத்தில் சுவரில் எழுதாத பையன் உண்டா? இரண்டு அறை விட்டால் சரியாகிவிடும். எழுதவே தெரியாதவன் என்ன செய்துவிடப் போகிறான்?


தறிவீட்டு அம்மா | செவ்வாய், காலை 7:42

அண்ணா, வாத்தியாருக்குப் பட்டப்பெயர் எழுதியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து மாடியிலிருந்து வீசியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கிற பிள்ளை உங்களுடையதாக இருந்தால் எப்படி எழுதுவீர்கள் என்று தெரியவில்லை.


போளூர்க்காரன் | செவ்வாய், காலை 8:05

அக்கா, அந்த ஆடியோவை முதலில் நிறுத்தச் சொல்லுங்க. நாங்க பக்கத்து ஊர், அதனால சொல்றேன். 2018 மே மாதம் அத்திமூரில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த குடும்பம், குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்த ஒரு வயதான அம்மா. பிள்ளை பிடிக்கிறவங்க என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி அடித்தே கொன்றார்கள். அப்போதும் இதே மாதிரி வாட்ஸப் ஆடியோதான். இப்போது ஏரிக்கரைப் பக்கம் பானிபூரி வண்டி தள்ளிக்கொண்டு ஒருவன் வந்தால் அவன் கதி என்ன ஆகும்? குழுவில் அட்மின் யாரோ அவரைக் கூப்பிட்டு இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்க.


சென்னை அப்பா | செவ்வாய், மதியம் 1:30

அனுப்புவதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2024 பிப்ரவரி 8, வியாழக்கிழமை. சென்னையில் 13 பள்ளிகளுக்கு வெடிகுண்டு இருப்பதாக ஈமெயில் வந்த அன்று என் மகன் படித்த பள்ளியிலிருந்தும் வந்து அழைத்துப் போகச் சொல்லி மெசேஜ் வந்தது. எல்லாம் புரளி, எங்கேயும் எதுவும் இல்லை என்று போலீஸ் அன்றே சொல்லிவிட்டது. குண்டைப் பற்றி எனக்கு இப்போது ஞாபகமே இல்லை. கேட் தான் ஞாபகம் இருக்கிறது.

ஆபீசில் கம்ப்யூட்டரை அணைக்காமல் வண்டியை எடுத்தேன். போய்ச் சேர்ந்தால் தெரு முழுக்க வண்டி, ஆட்டோ, அழுகிற அம்மாக்கள். கேட்டைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு வாட்ச்மேன் ஒருவர் மட்டும் நிற்கிறார். எந்தப் பிள்ளை யாரோடு போகிறது என்று யாரும் குறிக்கவில்லை. என் மகனைக் காணோம். ஒரு மணி நேரம் தேடினேன். கடைசியில் எதிர் வீட்டுப் பெண்மணி தன் மகளோடு இவனையும் அழைத்துப் போய்த் தயிர்சாதம் போட்டு உட்கார வைத்திருக்கிறார். நல்ல மனசு, ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு வந்த கற்பனையை எழுத முடியாது.

அதனால் உங்கள் ஊரில் முன்னாலேயே பேசி வையுங்கள். வெள்ளிக்கிழமை ஏதாவது சலசலப்பு என்றால் உங்கள் பிள்ளைகளை யாரிடம் அனுப்பலாம், இரண்டு பெயர், இரண்டு ஃபோன் நம்பர். வகுப்பு டீச்சரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பையனிடமும் சொல்லுங்கள். கூட்டமாகக் கேட்டுக்கு ஓடாதீர்கள், ஏரிக்கரை, இடிந்த சுவர் என்கிறீர்கள், அங்கே நெரிசல் வந்தால் அதுவே ஆபத்து.


ஓய்வுபெற்ற டீச்சர் | செவ்வாய், இரவு 9:20

தங்கச்சி, 34 வருடம் அரசுப் பள்ளி, அதில் கடைசி 9 வருடம் தலைமையாசிரியை. உன் எச்.எம். மேல் எனக்கும் கோபம்தான், ஆனால் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியும். பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீசுக்குப் படம் போய்விட்டால் "இரவில் பள்ளி வளாகத்தை ஏன் கவனிக்கவில்லை" என்று அவருக்குத்தான் மெமோ வரும். நடுநிலைப் பள்ளிக்கு எந்த வாட்ச்மேன்? அவரே பூட்டி, அவரே திறந்து, சுண்ணாம்புக்கும் பெரும்பாலும் அவர் சட்டைப் பையிலிருந்துதான் போயிருக்கும்.

நானும் அழித்தவள்தான். ஒரு தடவை கழிப்பறைச் சுவரில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பற்றி அசிங்கமாக எழுதியிருந்தது. மணி அடிப்பதற்குள் ஈரச் சாக்கால் தேய்த்து அழித்துவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி வகுப்பு எடுத்தேன். பள்ளியில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடித்தது நான் ஒருத்திதான். அவள் பரீட்சைக்குக்கூட வரவில்லை. இப்போது நினைத்தாலும் அந்தச் சாக்கின் வாடை வருகிறது.

எழுத்தை அழிக்கட்டும், தப்பில்லை. போலீஸ் பார்த்த பிறகு, படம் எடுத்த பிறகு, நல்லதாக இரண்டு கோட்டு. ஆனால் அதற்கு முன்னால் காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகளை நிற்க வைத்து, "இப்படி எழுதியிருந்தது, நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள், போலீசில் சொல்லிவிட்டோம், வெள்ளிக்கிழமை இன்னின்ன பேர் இங்கே இருப்பார்கள்" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். ஒவ்வொரு டீச்சரும் ஒவ்வொரு கதை சொன்னால் பிள்ளைகள் வாட்ஸப் ஆடியோவைத்தான் நம்பும்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறதே, தெரியுமா? அதில் முக்கால்வாசிப் பேர் உன்னை மாதிரி பெற்றோர்தான், தலைவரும் ஒரு பெற்றோர்தான். மாதக் கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அவசரக் கூட்டம் கூட்டச் சொல். நீ உறுப்பினர் இல்லாவிட்டாலும் போய் உட்கார், எழுந்து போ என்று யார் சொல்லிவிடப் போகிறார்கள்? பேசியதெல்லாம் தீர்மான நோட்டில் ஏறியதா என்று எழுந்திருப்பதற்கு முன்னால் வாங்கிப் பார். சுவரைக் கட்டித் தரச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். சுற்றுச்சுவரோ வேலியோ இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது, இது யாரிடமும் கெஞ்சிக் கேட்கிற விஷயம் இல்லை. பணம் இல்லை என்றால் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்கிற அரசுத் திட்டம் மூலம் வெளியூரில் இருக்கும் பழைய மாணவர்களிடம் கேட்கலாம்.

கூட்டத்தில் நிச்சயம் ஒருவர் எழுந்து, எல்லா வழியையும் அடைத்துவிட்டு ஒரே கேட், அதையும் பகலில் பூட்டிவிடலாம் என்பார். கை தட்டுவார்கள். நீ சம்மதிக்காதே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 பிள்ளைகள் போனார்கள். கூரை பற்றிக்கொண்டது ஒரு பக்கம், தப்பி ஓட வழி இல்லாதது இன்னொரு பக்கம். அந்த வாரம் முழுக்க எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வாசலாகத் திறந்து மூடிப் பார்த்தோம். உங்கள் சமையலறையில் கேஸ் சிலிண்டர் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவனுக்குப் பயந்து உள்ளே இருப்பவர்களை அடைத்துவிடக் கூடாது. பின் வாசல் ஒன்று இருக்கட்டும், சாவி உள்ளே இருக்கட்டும்.

தொட்டி விஷயம். யாரும் அந்தத் தண்ணீரைத் தொட வேண்டாம். ஊராட்சிச் செயலரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்து சுகாதார ஆய்வாளரிடமும் சொல்லி, முதலில் மாதிரி எடுக்கச் சொல், அதற்கு அப்புறம் திறந்துவிடுங்கள். உள்ளே இறங்கித் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரையும் வடித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். அதுவரை பிள்ளைக்கு வீட்டிலிருந்து பாட்டில்.

மகளிடம் 'ஒன்றுமில்லை' என்று மட்டும் சொல்லாதே. அவள் எழுத்துப்பிழை பார்க்கிற பிள்ளை, பொய்யையும் பார்த்துவிடுவாள். கல்வித்துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098, இரண்டு நம்பரும் அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.


தறிவீட்டு அம்மா | புதன், இரவு 10:15

எல்லோருக்கும் நன்றி. செவ்வாய் சாயங்காலமே நாங்கள் ஆறு பேர் ஸ்டேஷனுக்குப் போனோம். குமாஸ்தா அண்ணன் சொன்ன மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம். சி.எஸ்.ஆர். கிடைத்தது. எழுதிய ஐயா 'கொல்லுவோம்' என்று திருத்தப் போனார், இல்லைங்க, 'ள்' தான் என்று சொன்னேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆடியோ போட்டது யார் என்று தெரிந்துவிட்டது. எங்கள் மாமியாரின் தம்பி. வேறு எங்கிருந்தோ வந்ததை அனுப்பினாராம். எடுத்துவிட்டார். வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

இன்று குழு கூடியது. டீச்சர் அக்கா சொன்ன ஆள் அச்சு அசலாக எழுந்தார், அதே ஒரே கேட். நான் கும்பகோணம் என்றேன். அதற்கு மேல் யாரும் அதைப் பேசவில்லை. எச்.எம். முதலில் முறைப்பாகத்தான் இருந்தார். சுண்ணாம்புக்கு எவ்வளவு ஆச்சு சார் என்று கேட்டேன். 340 ரூபாய் என்றவர் அப்புறம்தான் முகம் கொடுத்துப் பேசினார்.


தறிவீட்டு அம்மா | வெள்ளி, இரவு 9:05

அனுப்பினேன். நானும் கூடவே போனேன். தறியில் பாதிப் புடவை நிற்கிறது, நிற்கட்டும்.

134 பேரில் 71 பேர் வந்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் ஒரு பெண் காவலர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்னப் பிள்ளைகள் முதலில் தள்ளி நின்று பார்த்தன, பதினொரு மணிக்கெல்லாம் அவர் தொப்பி என் மகன் தலையில். சமையலறையில் பூட்டு புதிது. கிச்சடி போட்டார்கள். தொட்டியை நேற்றே கழுவிவிட்டார்கள், ஆனாலும் எல்லார் பையிலும் பாட்டில் இருந்தது. மாதிரி எடுத்துப் போனதற்கு இன்னும் பதில் வரவில்லை.

யாரும் வரவில்லை. மூன்று மணி வாக்கில் ஏரிக்கரையில் ஒரு பைக் நின்றது. நாங்கள் நாலு அம்மாக்கள் ஒன்றாக எழுந்து நின்றோம். மீன் பிடிக்க வந்தவர்.

யார் செய்தது என்று போலீஸ் இன்னும் சொல்லவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். காலையில் எச்.எம். கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, தமிழ் சார் தனியாக அந்தச் சுவர் முன்னால் போய் நின்றார். இங்கே 16 வருடமாக இருக்கிறவர், ஊரில் பாதிப் பேர் நோட்டைத் திருத்தியவர். சாம்பலாகத் தெரிந்த அந்த 'ள்'-ஐயே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சார்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் எச்.எம். ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வர அரை மணி நேரம் ஆனது.

நாளைக்கு இரண்டாவது கோட்டு. வாளியும் மட்டையும் நான் கொண்டு போகிறேன். மகளும் வருகிறேன் என்கிறாள்.